சரிபார்த்தவர் கோதண்டம்

பதினான்காவது கணக்கில் நிற்கிறேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்தேன், இப்போது மூன்றேகால், பதின்மூன்று கணக்கைத் தாண்டி வந்திருப்பதாக நினைப்பு, தாண்டினாயா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது, பென்சில் டிக் இருக்கிறது, அது என் டிக்தான். ஓர் இருசமபக்க முக்கோணத்தின் சமகோணங்கள் ஒவ்வொன்றும் 2x பாகை. உச்சிக்கோணம் 60 பாகையைவிடப் பெரியது எனில் x எந்த மதிப்புகளைப் பெறலாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. எனக்குக் கணக்கு தெரியும். இதை எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இந்த மூன்று மாதமாக. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது, அதில் 2x-உம் 2x-உம் போனால் உச்சியில் மீதி 180 – 4x, அது அறுபதைவிடப் பெரியது, நூற்றெண்பதைக் கழித்தால் ஒரு பக்கம் –4x, மறுபக்கம் –120, இனி –4 ஆல் வகுக்க வேண்டும், குறை எண்ணால் வகுத்தால் குறி திரும்பும், அதுதான் இந்தக் கணக்கின் வளைவு, பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம், திருப்பு, திருப்பிவிட்டேன். திருப்பினேனா? தாளைப் பார்க்கிறேன். குறி இருக்கிறது. இரண்டு சின்னக் கோடு, ஒரு முனையில் சேர்ந்து மறுமுனையில் விரிகிறது. திருப்பிய பிறகு இப்படி இருக்கிறதா, திருப்புவதற்கு முன்பே இப்படித்தான் இருந்ததா? மேல்வரியில் இருக்கிற குறியைப் பார்த்தால் தெரிந்துவிடும், இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் திருப்பவில்லை, வேறு வேறு பக்கம் பார்த்தால் திருப்பிவிட்டேன், மேல்வரியைப் பார்க்கிறேன், கீழ்வரியைப் பார்க்கிறேன், கீழே வருவதற்குள் மேலே பார்த்தது போய்விடுகிறது. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், இழுத்துப் பார்த்தோமா என்று திரும்பி வருகிறவனுக்காவது கையில் சாவி இருக்கும். அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். மூன்றாவது தடவை. தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரிகிறது.

சரி, வேறு வழி. ஓர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், பொய் சொல்லாத வழி அது. x இருபது என்று வைத்தால் சமகோணம் நாற்பது, நாற்பது, சேர்ந்து எண்பது, உச்சியில் நூறு. நூறு அறுபதைவிடப் பெரியதா, பெரியது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நூறு மாம்பழத்தையும் அறுபது மாம்பழத்தையும் கொண்டுவந்து வைத்தால் இருட்டில்கூடச் சொல்வேன். x நாற்பது என்றால் எண்பது, எண்பது, உச்சியில் இருபதுதான், அது ஆகாது. முப்பதில் சரியாக அறுபது. ஆக x முப்பதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பார், வந்துவிட்டது. முப்பதைவிடச் சிறியது. வாய்விட்டுச் சொல்கிறேன், மெதுவாக, கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற ஜெசிந்தாவுக்குக் கேட்காதபடி. இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். விடைப் பக்கத்தில் பதினான்குக்கு நேரே அச்சாகியிருப்பதைப் படித்து ஒத்துப் பார்க்க வேண்டும். x > 30. படி கோதண்டம். எக்ஸ். முப்பது. நடுவில் அந்தக் குறி. எக்ஸ் சிறியது முப்பது, என்று படிக்கிறேன், ஒத்துப்போகிறது, டிக் அடிக்கப் பென்சிலை வைக்கிறேன். இன்னொரு தடவை படிக்கலாம். எக்ஸ் பெரியது முப்பது. அதே குறி, அதே கண்ணாடி, அதே வெளிச்சம். இரண்டு விதமாகவும் படிக்க வருகிறது. எப்படிப் படித்தாலும் வாய்க்கு உறுத்தவில்லை. பத்தொன்பது வருஷம் இந்த அச்சகத்தில் கணக்கு உரைநூலின் பின்பக்க விடைகளைச் சரிபார்த்தவன் நான், தப்பான விடை கண்ணில் பட்டால் சாதத்தில் கல் கடிபட்டதுபோல் பல் கூசும், அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் பிழைத்தேன், பி.எஸ்ஸி. கணிதத்தை வைத்து இல்லை. இப்போது பல் கூசவில்லை. எதுவும் கூசவில்லை. எல்லாம் மெத்தென்று இருக்கிறது.

கீழே மெஷின் அறையில் பால்ச்சாமி ரோலரைத் துடைக்கிறான், மண்ணெண்ணெய் வாசனை மாடிப்படி ஏறி வருகிறது. ஐந்து மணிக்குக் கடைசி பாரம், ஒரே தாளில் அச்சாகும் பக்கக் கட்டு, மெஷினில் ஏற வேண்டும். பதினாறு பக்கம், அதில் கடைசிப் பாடத்தின் விடைகள், அதில் அசமன்பாடு மட்டும் முப்பத்தாறு கணக்கு. இந்தப் பாரத்தின் மற்றப் பக்கங்களைப் பற்றிப் பயம் இல்லை, அங்கே சமன்பாடுதான். ஒரு முக்கோணத்தின் கோணங்கள் 2x + 10, 3x – 5, x + 25 எனில் x காண்க, கூட்டினால் 6x + 30, அது நூற்றெண்பதுக்குச் சமம், x இருபத்தைந்து, கோணங்கள் அறுபது, எழுபது, ஐம்பது, கூட்டிப் பார், நூற்றெண்பது. குத்தெதிர்க் கோணங்கள் 5x – 20-உம் 3x + 30-உம், இரண்டும் சமம், மறுபடி இருபத்தைந்து, கோணம் நூற்றைந்து. மெதுவாக, விரல் வைத்து, ஆனால் வருகிறது. சமக்குறி நல்ல குறி. அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது, எப்படித் திருப்பினாலும் அதுவாகவே இருக்கும். இந்த வருஷம் ஏன் இந்தப் பாடத்திலும் அசமன்பாட்டைக் கூட்டினார்கள். ஏழும் பதினொன்றும் இரண்டு பக்கம் என்றால் மூன்றாவது பக்கம் எதிலிருந்து எதற்குள் இருக்கலாம், நாலுக்கும் பதினெட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கம் சேர்ந்தால் மூன்றாவதைவிட நீளமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முக்கோணம் மூடாது, இதைத் தீக்குச்சியை ஒடித்து வைத்துக் காட்டச் சொன்னால் காட்டுவேன், இந்த ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம். ஆனால் எழுதிக் காட்டச் சொன்னால் இரண்டு குறி வேண்டும். நாலுக்கு அடுத்து ஒன்று, பதினெட்டுக்கு முன்னால் ஒன்று. இரண்டும் ஒரே பக்கம் பார்க்குமா, எதிரெதிரே பார்க்குமா? நேற்று இதே கேள்வியை அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில், தீபாவளி கழிந்து மூன்றாம் நாள், பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பிரஷ் எந்தக் கையில் இருக்கிறது என்று தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது, விழவில்லை, வலிக்கவில்லை, கண்ணாடியில் ஓர் ஆள் வாயில் நுரையோடு நிற்கிறான், அவனுக்கும் தெரியவில்லை. வசுமதி அடுப்படியிலிருந்து வந்து, ஏங்க எம்புட்டு நேரமா இப்படியே நிக்கிறீங்க என்றாள். அண்ணாச்சி தன் காரிலேயே மதுரைக்குக் கொண்டுபோனார், அவரே ஓட்டினார், முதலாளி ஓட்ட நான் பின்சீட்டில் வசுமதி மடியில். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. உங்க வலது கையால இடது காதைத் தொடுங்க சார் என்றது. தொட்டேன். ஏதோ ஒரு காது. மோதிர விரலைக் காட்டுங்க என்றது. ஐந்து விரலையும் பார்த்தேன், ஐந்தும் என்னைப் பார்த்தன, மோதிரம் எதிலும் இல்லை, இருந்திருந்தால் காட்டியிருப்பேன், ஆஸ்பத்திரியில் கழற்றி வாங்கியிருந்தார்கள். மூளையில் சின்ன அடைப்புதான், கை கால் பேச்சு எல்லாம் தப்பிச்சிருச்சு, அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள், பார்க்க வந்த அத்தனை பேரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அந்த அதிர்ஷ்டத்தையும் வைத்துவிட்டுப் போனார்கள். என்ன வேலை சார் பாக்குறீங்க என்று அந்த டாக்டரம்மா கேட்டபோது, புஸ்தகம் படிச்சுப் பாக்குற வேலை என்றேன். படிக்கலாமே, நல்லதுதான் என்றது. அது கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன். கணக்குப் புஸ்தகமா என்று அது கேட்கவில்லை. வசுமதி பக்கத்தில்தான் நின்றாள், அவளும் சொல்லவில்லை, அவளுக்கு எல்லாம் புஸ்தகம்தான். பொய் இல்லை அது. பொய் இல்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொள்வது.

தை பிறந்ததும் வேலைக்கு வந்தேன். வசுமதி கோயிலிலிருந்து சிவப்புக் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டாள், கயிறு கட்டின கை வலது என்று மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன், செருப்புப் போடும்போதும் பஸ் ஸ்டாண்டில் திரும்பும்போதும் குனிந்து கயிற்றைப் பார்க்கிறேன். குறிக்கும் அதையே செய்து பார்த்தேன். குறியின் வாய் கயிற்றுப் பக்கம் திறந்திருந்தால், அந்தப் பக்கம் இருப்பது பெரியது, ஏனென்றால் வாய் பெரியதைத்தான் தின்னப் போகும், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித்தருவார்கள். ஆக, முதலில் கயிறு, பிறகு வாய், பிறகு தின்பது, பிறகு எது எதைத் தின்கிறது. மூன்றாம் படி ஏறும்போது முதல் படி இல்லை. சில நாள் காலையில் பத்து மணி வரை சரியாக வரும், எல்லாம் சரியாகிவிட்டது, வசுமதிக்குப் போன் போடலாமா என்றுகூடத் தோன்றும், பதினொன்றுக்குக் குறி புரண்டு படுத்துவிடும். மூன்று மாதமாக எத்தனை பக்கத்தில் டிக் அடித்தேன். எத்தனை நல்ல விடையை வெட்டி மாற்றினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லையே, கேட்டிருப்பார்களே, அப்படியானால் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன் போல, புத்திக்குத் தெரியாவிட்டாலும் கை பழக்கத்தில் பார்த்திருக்கும் போல, பத்தொன்பது வருஷப் பழக்கம். இப்படி நினைத்தால்தான் காலையில் சட்டையை மாட்ட முடிகிறது. நாலு மணி. பதினான்காவது கணக்கு. x > 30. எக்ஸ் என்ன முப்பது?

எழுந்தேன். ஜெசிந்தா மேஜைக்கு எட்டடி இருக்கும், அதற்குள் என்ன சொல்வது என்று மூன்று விதமாக யோசித்தேன். ஒன்பது வருஷமாக இங்கே டைப் அடிக்கிற பெண், பி.காம். படித்தது, கணக்கு உரைநூல் முழுக்க அதன் விரல் வழியாகத்தான் போகிறது, ஆனாலும் ஒரு கணக்கைக்கூடப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னதில்லை. கண்ணாடி கொஞ்சம் மங்கலா இருக்கும்மா, இந்த வரியைக் கொஞ்சம் படி என்றேன். கண்ணாடியைத் துடைக்கவும் செய்தேன், அந்த நடிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அது கண்ணாடியைப் பார்க்கவில்லை. தாளை வாங்கி, எக்ஸ் முப்பதைவிடப் பெருசு சார் என்றது. பெருசா, என்றேன். ஆமா சார், பெருசு. அப்ப தப்பும்மா, சிறுசுன்னு வரணும். அது உடனே தலையாட்டியது, மாத்திர்றேன் சார் என்றது, அந்த ‘மாத்திர்றேன்’ ரொம்பப் பழகிய குரலில் வந்தது. ஆச்சரியம் இல்லை, ஏன் இதைப் போய் என்னிடம் கேட்கிறீர்கள் என்பது இல்லை, அடுத்து என்ன என்பதுபோல் என் கையில் இருந்த மற்றத் தாள்களைப் பார்த்தது. நான் போகவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். எது தெரியுமா என்று நான் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

மேஜை இழுப்பறையைத் திறந்து போன வருஷத்து உரைநூலை எடுத்து வைத்தது. ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டு. தை மாசம் ரெண்டாம் பாரத்துலயே தெரிஞ்சிருச்சு சார் என்றது, குரலைத் தாழ்த்தி, திரையைப் பார்த்தபடியே. சரியா இருந்ததை நீங்க மாத்தியிருந்தீங்க, தப்பா இருந்ததுல டிக் போட்டிருந்தீங்க. நான் முதல்ல என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன். பிறகு போன வருஷப் புஸ்தகத்தை வச்சுப் பாத்தேன், அதுல நீங்க பாத்ததுதான, அதை வச்சு இதை மாத்திட்டேன். எல்லாத்தையுமா என்றேன். எல்லாத்தையும் சார். தினமும் நீங்க போனப்புறம் ஒரு மணி நேரம் இருந்து. நான் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன், முதல் பக்கத்திற்குப் பின்னால், விடைகள் சரிபார்த்தவர்: ஆ. கோதண்டம், பி.எஸ்ஸி. அந்த ஆள் இருந்திருக்கிறான். போன வருஷம் இதே பங்குனி வெயிலில் இதே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு குறியையும் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்திருக்கிறான், இந்த மூன்று மாதமும் அவன்தான் இங்கே வேலை செய்திருக்கிறான், நான் சும்மா பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போயிருக்கிறேன். ஜெசிந்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். நாக்கில் வேறென்னவோ வந்து நின்றது, கோபமா என்றுகூடத் தோன்றியது, யார் மேல் என்று தெரியவில்லை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா என்றேன். அது கீபோர்டில் படிந்த தூசியை விரலால் வழித்தது. எப்படிச் சொல்லும். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேனா.

பிறகு அது சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. இந்தக் கடைசி பாரம் மட்டும் எனக்குத் தெரியாது சார். இந்த முப்பத்தாறும் புதுசு, போன வருஷப் புஸ்தகத்துல இல்ல. எதை வச்சுப் பாக்கன்னு தெரியாம ரெண்டு நாளா முழிச்சுக்கிட்டிருக்கேன், நீங்களா வந்து கேப்பீங்களான்னு. கேட்டுவிட்டேன், நாலு பத்துக்கு. ஐம்பது நிமிஷம். வா, ரெண்டு பேரும் பாப்போம் என்றேன். அது குறியைப் படிக்க வேண்டும், நான் வார்த்தையால் சொல்ல வேண்டும். ஒன்றாவது கணக்கு. முக்கோணத்தின் ஒரு கோணம் 3x – 15, அதற்கு எதிர்ப்பக்கம், இன்னொரு கோணமான 45 பாகையின் எதிர்ப்பக்கத்தைவிடச் சிறியது. பக்கம் சிறியது என்றால் எதிர்க்கோணமும் சிறியது, ஆக எக்ஸ் இருபதைவிடச் சிறுசு, கோணம் பூச்சியத்தைவிடப் பெரிசா இருக்கணும், ஆக ஐந்தைவிடப் பெரிசு. என்ன போட்டிருக்கு? அஞ்சு சின்னது எக்ஸ், எக்ஸ் சின்னது இருபது. சரியா? சரி. ஒன்று முடிந்தது. இரண்டாவது. என் வாய் சொல்லச் சொல்ல, அதன் விரல் குறிமேல் நிற்க, எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது, கண் தெரியாதவனும் கால் நடக்காதவனும் ஒரே ஆளாக நடப்பது மாதிரி, நடக்க முடிகிறதே. ஆனால் மெதுவாக நடக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் நான் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது, கழித்தலில் தடுக்கி விழுகிறேன், அது போனில் கூட்டிச் சொல்கிறது, இடையில் கேள்வியே தப்பாக அடித்திருந்த ஒரு கணக்கு பத்து நிமிஷத்தைத் தின்றது. ஏழாவதில் நான் சொன்னதற்கும் அச்சில் இருந்ததற்கும் ஒத்துவரவில்லை, மாற்றினோம். பத்தாவதிலும் மாற்றினோம். பதினொன்று முடியும்போது பால்ச்சாமி படியேறி வந்து, சார் பிளேட் ரெடி பண்ணணும், ஓகேயா என்றான். பதினொன்றும், முதலில் பார்த்த பதினான்காவதும். பன்னிரண்டு. அதில் மூன்று தப்பு. மீதி இருபத்து நான்கில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்க்கப் புத்தி போனது, நானே பிடித்து நிறுத்தினேன்.

அண்ணாச்சி அறைக்கு நானேதான் போனேன். ஜெசிந்தா வர எழுந்தது, நீ இரும்மா என்றேன். கண்ணாடித் தடுப்புக்குள் அவர் போனில் யாருக்கோ திங்கட்கிழமை லாரி, திங்கட்கிழமை லாரி என்று சொல்லிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் கையால் நாற்காலியைக் காட்டினார், மதுரைக்குக் கார் ஓட்டின கை. உட்கார்ந்தேன். இந்த மனுஷனிடம் எப்படி ஆரம்பிப்பது. போனை வைத்ததும், நாளைக்கு ஒரு நாள் டயம் வேணும் அண்ணாச்சி என்றேன். ஒடம்புக்கு என்ன என்றார் உடனே, முகம் மாறிவிட்டது, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க சார், இதுல மட்டும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், உடம்புக்குத்தானே எல்லாம். மேஜையில் இருந்த துண்டுத்தாளை இழுத்து அந்த இரண்டு குறியையும் போட்டேன், எது எது என்று தெரியாது, ஒன்றைப் போட்டுவிட்டுத் தாளைத் தலைகீழாகத் திருப்பி அதையே இன்னொரு தடவை போட்டேன், அப்படிப் போட்டால் இரண்டும் வந்துவிடும் என்று தெரியும்.

“எனக்கு இது ரெண்டும் ஒண்ணாத் தெரியுது அண்ணாச்சி. ஐப்பசியிலிருந்து.”

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம். அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மத்த பாரமெல்லாம் என்றார். ஜெசிந்தா பார்த்துச் சரிசெய்ததைச் சொன்னேன். மூச்சு விட்டார். இதில் எத்தனை பார்க்கவில்லை என்றார், இருபத்து நான்கு என்றேன், மொத்தப் புத்தகத்தில் எத்தனை கணக்கு என்றார், ஆயிரத்து எண்ணூறு இருக்கும். அப்ப என்ன சார் என்றார் மெதுவாக, கிட்டத்தட்ட என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில். தப்பு இருந்தால் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம், பள்ளிக்கூடங்கள் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, திங்கட்கிழமை போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் புத்தகம் போய் உட்கார்ந்துவிடும் என்றார். அப்படியானால் என் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். கேட்டபோதே தெரிந்தது, இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று.

“உங்க பேரை எடுத்தா வாத்தியார்மாரு தொடுவாங்களா சார்? நீங்க பாக்க வேண்டாம், நான் வேற ஆள் வச்சுப் பாத்துக்கிடுதேன். வீட்டுல இருங்க, சம்பளம் வீட்டுக்கு வரும். பேரு மட்டும் இருக்கட்டும்.”

அதைச் சொல்லும்போது அவர் என் தோளைத் தொட்டார். கெட்ட எண்ணம் இல்லை, எனக்குத் தெரியும், இதைவிட நல்லதாக அவருக்குச் செய்யத் தெரியாது, வேறொரு முதலாளி என்றால் கணக்கை முடித்து அனுப்பியிருப்பான். இருபத்து நான்கு கணக்கு, பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன், வாக்கியம் நடுவில் அறுந்துவிட்டது, அண்ணாச்சி பேனாவை மூடி கழற்றி நீட்டினார். பாரத்தின் மேல்தாளில் ரப்பர் ஸ்டாம்பு அடித்திருந்தது, சரிபார்த்தவர், அதற்குக் கீழே கோடு. எந்தக் கையால் வாங்கினேன் என்று தெரியாது, கயிற்றைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை, ஆனாவின் சுழி, கோ, கடைசியில் கீழே இழுக்கிற கோடு, எல்லாம் தானாக வந்தது, என்னை ஒன்றும் கேட்காமல் கை போட்டுவிட்டது. போட்டுப் பார்த்தால் பல வருஷமாகப் போட்ட அதே கையெழுத்து, ஒரு வித்தியாசம் கிடையாது. போய் ரெஸ்ட் எடுங்க சார் என்றார். பால்ச்சாமி தாளை வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக இறங்கினான்.

ஜெசிந்தா திரையை அணைக்காமல் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டாவதைத் திறந்து வைத்திருந்தது, நான் வந்து உட்கார்ந்தால் தொடரலாம் என்பதுபோல். அனுப்பியாச்சும்மா என்றேன். அது பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்ப இறக்கி வைத்துவிட்டு, மீதியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்குறேன் சார், அடுத்த பதிப்புக்கு ஆகும் என்றது. சரிம்மா என்றேன். அடுத்த பதிப்பு அடுத்த வருஷம். நான் படியிறங்கும்போது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, தரை லேசாக அதிர்கிறது, பால்ச்சாமி முதல் தாளை உருவி, சார் கலர் ஓகேயா பாருங்க என்று நீட்டுகிறான், வழக்கம், பத்தொன்பது வருஷமாக முதல் தாளை நான்தான் பார்ப்பேன். மை காயவில்லை. கண் இருபத்தேழாவது விடையில் போய் நிற்கிறது. எக்ஸ், குறி, பன்னிரண்டு. சிறியது. பெரியது. ஏதோ ஓர் ஊரில் ஜூன் மாசம் ஒரு பெண்பிள்ளை இந்தக் கணக்கைப் போடும், கோணங்களைக் கூட்டும், நூற்றெண்பதிலிருந்து கழிக்கும், குறை எண்ணால் வகுக்கும், நினைவாகக் குறியைத் திருப்பும், சரியாகவே போட்டிருக்கும், போட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும். அதில் வேறு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் யோசிக்கும். புஸ்தகத்தில் தப்பு இருக்குமா. முதல் பக்கத்தைப் புரட்டினால் பெயர் போட்டிருக்கிறது, பி.எஸ்ஸி. வேறு. பிறகு ரப்பரை எடுத்துத் தான் எழுதியதை அழிக்கும், அழித்துவிட்டு, எந்த இடத்தில் தப்புப் பண்ணினோம் என்று முதல் வரியிலிருந்து தேட ஆரம்பிக்கும்.

கலர் நல்லா இருக்கு என்றேன் பால்ச்சாமியிடம்.